மக்ரூன், மஸ்கோத்து, தொதல்

சென்னையில் மகன் வீட்டுக்குப் போனால் எனக்குச் சாயங்காலத்தைக் கழிப்பதுதான் பெரும் பாடு. காலையில் பேப்பர் இருக்கிறது, மத்தியானம் தூக்கம் இருக்கிறது. ஐந்து மணிக்கு மேல் நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பி, கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு திரும்புவேன். இந்தத் தடவை போனபோது தெருமுனையில் புதிதாக ஒரு கடை வந்திருந்தது. அரிசி, பருப்பு, புளி ஒன்றும் கிடையாது. முழுக்க முழுக்கத் தின்பண்டம். ஒரு பக்கச் சுவர் பூராவும் வெளிநாடு. துருக்கி பக்லாவா, ஜப்பான் மோச்சி, பிரெஞ்சு மக்காரோன், அரபு நாட்டுப் பேரீச்சை இனிப்புகள். எதிர்ச் சுவர் பூராவும் நம் ஊர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலை மிட்டாய், மணப்பாறை முறுக்கு, ஊட்டி வர்க்கி. அதற்குக் கீழே எங்கள் தூத்துக்குடி மக்ரூன், முதலூர் மஸ்கோத்து, கீழக்கரை தொதல்.

எழுபத்தைந்து வயதில் ஒரு கடையில் நின்று ஒவ்வொன்றாக வாங்கித் தின்று பார்ப்பது அழகல்ல என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் வீட்டில் யாரும் பக்கத்தில் இல்லை. முதலில் மோச்சி ஒன்று வாங்கினேன். பச்சரிசிக் கொழுக்கட்டையை இடித்து இழுவையாக்கியது போல, வெள்ளையாக, மாவு தூவி இருந்தது. கடித்தால் விடமாட்டேன் என்கிறது. கீழ்ப் பல்செட்டு அதோடு வந்துவிடும் போலிருந்தது. பிரெஞ்சு மக்காரோன் பார்க்க வண்ணச் சட்டைப் பொத்தான் இரண்டை நடுவில் கிரீம் வைத்து ஒட்டியது மாதிரி. வாயில் போட்டதும், அட, இது நம்ம ஊர் வாசனையல்லவா என்று தோன்றியது. பாதாமும் முட்டை வெள்ளையும். நம்மூரில் பாதாமுக்குப் பதில் அண்டிப்பருப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போது பக்கத்தில் ஒரு பையன், ஐ.டி. கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, மக்ரூன் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், இது என்ன சார்?" என்று கேட்டான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இது எங்க ஊர் சரக்கு தம்பி. ஐந்நூறு வருசத்துக்கு முன்னால போர்த்துக்கீசியர் கொண்டாந்தது" என்றேன். அவன் சந்தோஷமாக இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனான்.

நான்தான் ராத்திரி தூங்கவில்லை. நாற்பது வருஷமாக யார் கேட்டாலும் இதே பதிலைச் சொல்லி வந்திருக்கிறேன். ஆபீசில் வெளியூரிலிருந்து வந்த அதிகாரிகளுக்கு, மகனின் சம்பந்தி வீட்டாருக்கு, ரயிலில் எதிர் சீட்டுக்காரருக்கு, எல்லோருக்கும். எனக்கு யார் சொன்னார்கள் என்று யோசித்தால் ஞாபகம் இல்லை. எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஊருக்குத் திரும்பியதும் இதைக் கொஞ்சம் ஒழுங்காக யோசித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

மக்ரூன் செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. முட்டையின் வெள்ளைக் கருவை மட்டும் பிரித்து, சர்க்கரை சேர்த்து, நுரை கெட்டிப்பட்டுக் குத்துக்கல் மாதிரி நிற்கும்வரை அடிப்பார்கள். பிறகு பொடித்த அண்டிப்பருப்பை நுரை உடையாமல் கலந்து, காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதில் நிரப்பி, தட்டில் சொட்டுச் சொட்டாகப் பிழிவார்கள். மேலே இழுத்துவிடும்போது ஒரு மூக்கு நிற்கும். அந்த மூக்குதான் தூத்துக்குடி மக்ரூனின் முத்திரை. அடுப்பில் சூடு அதிகம் கூடாது. ரொட்டியெல்லாம் வெந்து முடிந்தபிறகு அடங்கிய சூட்டில் மெதுவாகக் காயவேண்டும். காற்றுப் பட்டால் போச்சு. நம் கடற்கரை ஈரத்தில் ஒரு ராத்திரி திறந்து வைத்தால் காலையில் பிசுபிசுத்துவிடும்.

இதில் போர்த்துக்கீசியர் எங்கே வருகிறார்கள்? அவர்கள் இந்தக் கரைக்கு வந்து வேரூன்றியது 1530களில். பரதவர்கள் மொத்தமாக மதம் மாறியது அந்தப் பத்தாண்டில்தான். புனித சவேரியார் வந்தது 1542இல். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தபோது போர்த்துக்கீசியர் காலம் முடிந்தது. அண்டிப்பருப்பை பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆக, மூலப்பொருளில் பாதி அவர்களுடையது.

ஆனால் பெயர்? போர்த்துக்கீசியர் நம் வீட்டுக்குள் விட்டுப்போன சொற்களை எண்ணிப் பாருங்கள். ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, கோப்பை, பீப்பாய், ஏலம், பாதிரி. வாத்துகூட அவர்களுடைய சொல்தான். அவர்கள் கொடுத்த பொருளோடு அவர்கள் பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. பிஸ்கோத்து என்று நம் பாட்டிமார் சொன்னதும் அப்படி வந்ததுதான். மக்ரூன் அப்படியில்லை. இத்தாலியில் பிறந்து, பிரான்சில் மக்காரோன் ஆகி, இங்கிலீஷில் மக்ரூன் என்று திரிந்த சொல் அது. நம் ஊரில் வழங்குவது அந்த இங்கிலீஷ் வடிவம். இன்னொன்று. போர்த்துக்கீசிய இனிப்புகள் மஞ்சள் கருவுக்குப் பேர்போனவை. கோவாவின் பெபிங்கா வரைக்கும் அதுதான் கதை. நம் மக்ரூனோ வெள்ளைக் கருவில் நிற்கிறது.

டச்சுக்காரர்களிடமிருந்து தூத்துக்குடி கடைசியாக இங்கிலீஷ்காரர் கைக்கு வந்தது 1825இல். ரயில் வந்தது 1876இல். அதன்பிறகு கொழும்புக்குப் போகிறவர்கள் எல்லாம் தூத்துக்குடி வரை ரயில், அங்கிருந்து கப்பல். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்தத் தடத்தில் ஓடிய பணத்தைப் பார்த்துத்தான். துரைகளும், பஞ்சாலை அதிகாரிகளும், கப்பல் ஏறக் காத்திருக்கும் வெள்ளைக்காரக் குடும்பங்களும் இருந்த ஊரில் ரொட்டிக் கிடங்குகள் வந்தன. மக்ரூன் அந்தக் காலத்து அடுப்பில் பிறந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று எனக்குப் படுகிறது. பாதாமுக்கு வழியில்லை, பக்கத்தில் கொல்லத்து அண்டிப்பருப்பு மலிவு. எவனோ ஒரு ரொட்டிக்காரன் கையில் இருந்ததைப் போட்டுச் செய்திருக்கிறான். சென்னைப் பையனிடம் நான் சொன்ன ஐந்நூறு வருஷத்தில் முந்நூற்றைம்பதுக்கு மேல் கழித்துவிட வேண்டியதுதான்.

சரி, மஸ்கோத்துக்கு வருவோம். முதலூர் சாத்தான்குளத்துக்குப் பக்கம். 1799இல் புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்களுக்கென்று உண்டாக்கிய முதல் ஊர் என்பதால் முதலூர். அங்கே போடுகிற மஸ்கோத்தில் நெய் ஒரு சொட்டு கிடையாது. தேங்காய்ப்பாலில் மைதாப் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டவேண்டும். தேங்காய்ப்பால் வற்றி அதன் எண்ணெயே பிரிந்து வந்து பண்டத்தை வேகவைக்கும். திருநெல்வேலி அல்வா தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும். இதை மென்றுதான் தின்னவேண்டும். தின்ற பிறகும் தேங்காய் வாசனை வாயில் நிற்கும்.

பெயரைக் கேட்டால் மஸ்கட்டிலிருந்து வந்தது என்று தோன்றும். அந்த ஓமன் நாட்டு அல்வாவைப் பக்கத்து வீட்டுப் பையன் வளைகுடாவிலிருந்து வந்தபோது கொடுத்தான். குங்குமப்பூவும் பன்னீரும் நெய்யும் மணக்கும் பசை அது. நம் மஸ்கோத்துக்கு அது தூரத்துச் சொந்தம். நெருங்கிய சொந்தம் இலங்கையில் இருக்கிறது. அங்கே முஸ்லிம் வீடுகளில் மஸ்கட் என்றே ஒரு பண்டம் உண்டு. முதலூர்க்காரர்களும் அங்கே வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்த கைப்பக்குவம் என்றுதான் சொல்வார்கள். அரபுக்காரன் பெயர், இலங்கைச் சமையல், நம் தேரிக்காட்டுக் கை. மூன்றும் ஒரே துண்டில்.

மூன்றாவது தொதல். இதை நான் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. சென்னைக் கடையில் நான் வாங்காமல் விட்டது இது ஒன்றுதான். கையில் எடுத்துப் பார்த்தேன். கறுப்பாக, பளபளவென்று இருந்தது. வைத்துவிட்டேன்.

என் அப்பாவின் அக்காவை நாங்கள் கொழும்பு அத்தை என்போம். மாமா அங்கே கொம்பனித்தெருவில் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். 1959இல் குடும்பத்தோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தலைமன்னாரில் கப்பலேறி தனுஷ்கோடி வழியாக ஊர் வந்துவிட்டார்கள். எங்கள் வளவிலேயே ஒரு பக்கம் குடியிருந்தார்கள். அத்தை கொண்டுவந்த சாமான்களில் ஒரு வெண்கல உருளி மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தீபாவளிக்கு எல்லார் வீட்டிலும் முறுக்கும் அதிரசமும் வேகும்போது, அத்தை அந்த உருளியில் கருப்பட்டிப் பாகும் தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் ஊற்றி மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கும்வரை கிண்டுவாள். இறங்கும்போது கன்னங்கரேலென்று இருக்கும். அதுதான் தொதல்.

1962 தீபாவளி. எனக்குப் பன்னிரண்டு வயது. வீடு நிறைய விருந்தாட்கள். அத்தை வாழை இலையில் துண்டு போட்டு எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தாள். என் முறை வந்ததும் நான், "இதென்ன அத்தை, ரோட்டுக்கு ஊத்துற தார் மாதிரி இருக்கு" என்றேன். அப்போதுதான் எங்கள் தெருவுக்குத் தார் போட்டிருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். "ஏல, தார் இல்லல, தொதல்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள். அடுத்த வருஷம் அவளும் அதிரசம்தான் சுட்டாள். அதன்பிறகு அந்த உருளியில் தொதல் கிண்டியதை நான் பார்க்கவில்லை. அத்தை 1981இல் காலமானாள்.

இந்தக் கட்டுரைக்காகத் தொதலின் பக்குவம் கேட்கலாம் என்று திருநெல்வேலியில் இருக்கும் அத்தை மகளுக்குப் போன் போட்டேன். மதினிக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் கத்தி மாதிரி. "அம்மை அதை யார்ட்ட படிச்சா தெரியுமாய்யா?" என்று அவளே ஆரம்பித்தாள்.

கொம்பனித்தெருவில் அவர்கள் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு மலாய்க் குடும்பம் இருந்ததாம். அந்த வீட்டு அம்மாள்தான் அத்தைக்குத் தொதல் கிண்டக் கற்றுக்கொடுத்தவள். 1958 மே மாதக் கடைசியில் கொழும்பில் தமிழர்களைத் தேடித் தேடி அடித்தபோது, அந்த அம்மாள் அத்தையையும் மாமாவையும் மூன்று பிள்ளைகளையும் தன் வீட்டு உள்ளறையில் வைத்துப் பூட்டிவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாளாம். வந்தவர்களிடம் இங்கே மலாய்க்காரர்கள் மட்டும்தான் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். மூன்று நாள். அந்த மூன்று நாளும் உள்ளே இருந்தவர்களுக்குச் சோறு கொஞ்சமும் பெருநாளுக்குச் செய்து மீந்த தொதலும்தான் சாப்பாடு. நாள்பட்டாலும் கெடாதல்லவா. "அந்தப் பொம்பளைக்குக் கடுதாசி போடக்கூட அம்மைக்கு எழுதத் தெரியாது. தீவாளிக்குத் தீவாளி அதைக் கிண்டுனா. அவ்வளவுதான்" என்றாள் மதினி.

நான் தார் என்று சொன்னதை மதினிக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

அதன்பிறகு தொதலைப் பற்றி வெறும் பக்குவமாக மட்டும் என்னால் யோசிக்க முடியவில்லை. அந்த மலாய் அம்மாளின் வீட்டுக்கு அது எப்படி வந்தது என்று தேடினேன். தொதலுக்குச் சொந்த ஊர் ஜாவா, சுமத்ரா, மலாயா பக்கம். அங்கே தொதோல் என்பார்கள். பசைத்தன்மையுள்ள அரிசி மாவு, தேங்காய்ப்பால், பனைவெல்லம். பெருநாள் வந்தால் ஊரே கூடிப் பெரிய கடாயில் மணிக்கணக்காக முறைபோட்டுக் கிண்டுவார்கள். மோச்சியைக் கடித்தபோது எனக்கு ஏதோ பழகிய இழுவையாகப் பட்டதற்குக் காரணம் அந்த அரிசிதான் போலும்.

டச்சுக்காரர்கள் 1656இல் கொழும்பையும் இரண்டு வருஷம் கழித்துத் தூத்துக்குடியையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்தார்கள். இரண்டும் ஒரே கம்பெனியின் ஊர்கள். அதன் கிழக்குத் தலைமையகம் ஜாவாவில் பத்தேவியா, இன்றைய ஜகார்த்தா. அங்கே தங்களை எதிர்த்த அரச குடும்பத்தாரை நாடு கடத்தி இலங்கையில் கொண்டுவந்து வைத்தார்கள். கூடவே சிப்பாய்களும் வந்தார்கள். அவர்கள் வழிவந்தவர்களே இலங்கையின் மலாய்க்காரர்கள். கொம்பனித்தெரு என்ற பெயரிலேயே கம்பெனி இருக்கிறது. மலாய்க்காரர்கள் நிறைந்த இன்னொரு ஊரான அம்பாந்தோட்டையில் இன்றைக்கும் தொதலுக்குத் தனிப் பெயர். சிங்களத்தில் களு தொதொல். களு என்றால் கறுப்பு.

கீழக்கரைக்கு அது எந்தப் படகில் வந்தது என்பதற்கு ரசீது கிடையாது. ஆனால் கீழக்கரை மரைக்காயர்கள் முத்துக்கும் சங்குக்கும் துணிக்கும் இலங்கை, மலாக்கா, பினாங்கு என்று போய்வந்தவர்கள். பினாங்கில் அவர்களை வைத்துத்தான் சூலியா தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. நேரே கிழக்கிலிருந்தும் வந்திருக்கலாம், இலங்கையைச் சுற்றியும் வந்திருக்கலாம். மக்ரூனுக்குப் பெயர் எதைக் காட்டியதோ அதையே தொதலுக்கும் காட்டுகிறது. மலாய்ப் பெயர், மலாய்ப் பண்டம், சேர்ந்தே வந்திருக்கின்றன.

ஒரு வேடிக்கை. கோவாவிலும் கிறிஸ்துமஸுக்குத் தொதல் கிண்டுகிறார்கள். கறுப்புப் பனைவெல்லமும் அரிசி மாவும் போட்டு, அதே பெயரில். போர்த்துக்கீசியர் கோவாவிலிருந்து கிளம்பிப்போய் 1511இல் மலாக்காவைப் பிடித்து, 1641 வரை வைத்திருந்தார்கள். இரண்டு ஊருக்கும் இடையே அவர்கள் கப்பல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. கோவாவுக்குத் தொதல் அந்தக் கப்பலில் வந்திருந்தால் ஆச்சரியமில்லை. ஆக, போர்த்துக்கீசியர் சுமந்து வந்தது என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மக்ரூனை விட, நான் தார் என்று கேலி செய்த தொதலுக்குத்தான் அந்தப் பெருமையில் ஒரு பங்கு கிடைக்கும் போலிருக்கிறது.

சென்னைக் கடையில் இரண்டு சுவர் வைத்திருந்தார்கள் அல்லவா, வெளிநாடு ஒன்று, உள்ளூர் ஒன்று என்று. தொதலை எந்தச் சுவரில் வைப்பது என்று என்னைக் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. மக்ரூனுக்கும் தெரியாது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நமக்கெல்லாம் பெருமையாக இருந்தது. ஆனால் அந்தக் கடலையே போர்த்துக்கீசியர் காலத்தில் தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்ததுதான். நம் கரையில் எது இறங்கினாலும் இரண்டு மூன்று தலைமுறை கையில் கிண்டிய பிறகு நம்முடையதாகிவிடுகிறது. கிண்டியவர்களின் பெயர்தான் எங்கேயும் எழுதப்படுவதில்லை. மலாய் அம்மாளின் பெயர் மதினிக்கே மறந்துவிட்டது. அவளை எல்லாரும் "நோனா" என்றுதான் கூப்பிடுவார்களாம்.

போன வாரம் இராமநாதபுரம் போகிற ஒருவரிடம் சொல்லிக் கீழக்கரையிலிருந்து ஒரு கிலோ தொதல் வரவழைத்தேன். பாதியைத் திருநெல்வேலிக்கு மதினிக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, மீதியில் ஒரு துண்டை அறுபத்துச் சொச்சம் வருஷத்துக்குப் பிறகு வாயில் போட்டேன். முதலில் கருப்பட்டி. பிறகு தேங்காய் எண்ணெயின் மணம். கடைசியில் அடிப்பிடிக்கப் போகிற நேரத்தில் இறக்கியதற்கான லேசான கசப்பு. நல்ல பண்டம். இதைப் போய்த் தார் என்று சொன்னேனே.

மறுநாள் மதினி போன் செய்தாள். "கருப்பட்டி நல்ல உடன்குடிக் கருப்பட்டிதான். ஆனா கிண்டுனது பத்தாதுய்யா. அம்மைன்னா இன்னும் ரெண்டு மணி நேரம் கிண்டியிருப்பா" என்றாள். பிறகு சற்று நேரம் பேச்சில்லை. காது கேட்கவில்லையோ என்று நான் சத்தமாக, "மதினி?" என்றேன்.

"கேக்குதுய்யா" என்றாள். "வாயில இருக்கு. தின்னுட்டுப் பேசுதேன்."